கல் துளிர்க்கும் வரை

எங்கள் ஊரில் பொய் சொல்லப் பயப்படாதவர்கள் நிறைய உண்டு. சத்தியக்கல்லின் மேல் கை வைத்துப் பொய் சொல்லத் துணிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து முந்திரிக்காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையில் நடந்தால் எங்கள் ஊர் வரும். ஊருக்கு வெளியே, ஊருணிக்கரைச் செம்மண்ணில் பாதி புதைந்து கிடந்தது அந்தக் கல். ஆள் உயரத்துக்கு மேலான நீளம், உருண்டை வாகு, பழுப்பும் சிவப்புமான நிறம். ஆடு காணாமல் போனாலும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் தகராறு வந்தாலும், சந்தேகப்பட்ட ஆளை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். பாதிப் பேர் போகிற வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ்காரர்களுக்கு வேலை வைக்காமல் பார்த்துக்கொண்டது அந்தக் கல்தான்.

அதன் மேல் கை வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை. மீறினால் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாதாம், அவர் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் கெடுதல் வருமாம். எந்த மகானுபாவன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ தெரியாது. சத்தியம் செய்தவன் ஹாயாக வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பான், ஒன்றும் அறியாத பிள்ளை படுக்கையில் விழும். சின்ன வயதில் இதை நினைத்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் "சத்தியக்கல்லு துளிர்த்தாப் பாக்கலாம்" என்பார்கள். பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால் இப்படிச் சொல்லித்தான் அனுப்புவார்கள். என்னைப் பெற்றவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவள் அந்தக் கல்லின் மேலேயே கையை வைத்துச் சொல்லிவிட்டாள்.

அவளை நான் ஆத்தா என்று கூப்பிடுவேன். ஆத்தாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், என் தாய்மாமா. அதே ஊரில் மேலத்தெருவில் மாமா வீடு, கீழத்தெருவில் எங்கள் வீடு. மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆத்தாவுக்கு நான் ஒருத்திதான். அதனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செல்லம் நான். மாமா தோளிலிருந்து நான் இறங்கி நடந்ததே வெகு நாள் கழித்துத்தான் என்று அத்தை கேலி செய்வாள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது மாமா ஓட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினார். ஊருக்கே சாப்பாடு. இந்த மாதிரி விசேஷத்தில் வீட்டு மாப்பிள்ளையை, அதாவது என் அப்பாவை, முதல் பந்தியில் முதல் இலையில் உட்காரவைக்க வேண்டும். இலை போட்ட நேரம் பார்த்து, எதிர்பாராமல் மணியக்காரர் நாலு ஆட்களோடு வந்து நின்றார். மாமா பதறிப்போய் அவர்களை முதல் இலைகளில் உட்காரவைத்துவிட்டார். அப்பா கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பந்தியில்தான் அவருக்கு இலை கிடைத்தது.

அப்பாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அவர் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நானே பார்த்தேன். ஆத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல், விடுவிடுவென்று ஊருணிக்கரைக்கு நடந்தாள். பின்னாலேயே மாமா ஓடினார். அவர் பின்னால் பந்தியில் பாதி ஓடியது.

கல்லின் மேல் கையை வைத்து ஆத்தா சொன்னாள்: "என் புருசனுக்கு எலை போடாத வீட்டு வாசப்படிய, இந்தக் கல்லு துளிர்த்தாத்தான் மிதிப்பேன்."

மாமாவும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே? அவரும் பக்கத்தில் கையை வைத்தார். "துளிர்க்கட்டும். துளிர்த்த அன்னிக்கு நானே வந்து ஒன்னயக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் ஒன் வாசலுக்கு வரமாட்டேன்."

இவ்வளவுதான் சண்டை. சொல்லி முடித்த கணமே இருவர் முகமும் வெளிறிப்போயிற்று என்று அத்தை பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொன்னது சொன்னதுதான், கல் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்ட அழகை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாசப்படியைத்தான் மிதிக்கக் கூடாதே தவிர, பேசக் கூடாது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் நேராகப் பேச இருவருக்கும் ரோஷம். காலையில் ஆத்தா குடத்தோடு ஊருணிக்குப் போகும் நேரத்துக்கு மாமா காளைகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவார். காளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "ஏன்டா, மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சாடா?" என்று அதனிடம் கேட்பார். ஆத்தா என் பக்கம் திரும்பி, "கசாயம் குடிச்சாரு, நேத்தே விட்டுருச்சுன்னு சொல்லுடி" என்பாள். மாமா அங்கேதான் நிற்பார், அவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் போய், "கசாயம் குடிச்சாராம் மாமா, நேத்தே விட்டுருச்சாம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் தலையை ஆட்டுவார்.

மாமா வீட்டில் முதல் பலாப்பழம் பழுத்தால் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டால் முதல் ஈடு மாமா வீட்டுக்குப் போகும். எல்லாம் என் தலையில்தான். கோபமாக இருக்கிற இரண்டு பேர் இவ்வளவு பலகாரம் பரிமாறிக்கொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த நாட்களை நினைத்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. காலை வெயில், தண்ணீர் சொட்டும் காளைகள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துப் பேசும் ஆத்தா. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரியாக இல்லை என்று அத்தை படுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தைக்கு ஒரு ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. ஆத்தா தினமும் கஞ்சி வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு நாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க ஆத்தாள ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லுடி" என்றாள். நான் ஓடிவந்து சொன்னேன். ஆத்தா அப்படியே அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். மாமா வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள். படிக்கு முன்னால் நின்றாள். கால் எழும்பவில்லை. என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக நடந்து போய், மழையில் நனைந்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

மாமா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் ஆத்தா.

"உள்ளதான் வாயேன். ஒன்னயக் கல்லு கடிச்சிரவா போகுது?" என்று அத்தை சிரித்தாள்.

"என்னயக் கடிச்சா வந்துருவேன் மதினி. இவளயில்ல கடிக்கும்" என்றாள் ஆத்தா.

அத்தை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. சில நாளில் போய்விட்டாள். அன்றைக்குப் பெண்கள் எல்லாம் உள்ளே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, ஆத்தா மட்டும் தெருவில், எதிர்த்த பூவரச மரத்தடியில் தனியாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ யாருமில்லை. நான் போய்க் கட்டிக்கொண்டேன். அவள் அழுத அழுகையில் கோபம் எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா தன் கையாலேயே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு அந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யுத்தம் வந்தது. புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்கள் கரியைப் போட்டு ஓட ஆரம்பித்தன. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை. இந்த லட்சணத்தில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் எனக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். பட்டம் என்றால் ஜரிகைப் பட்டையில் ஒரு கட்டுதான், ஆனால் அது இல்லாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். அந்தத் தாய்மாமனைச் சும்மா வா என்று சொல்லிவிடவும் முடியாது. பெண்ணின் தாய், வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு அண்ணன் வீட்டுக்குள் போய், அவர் கையில் கொடுத்து அழைக்க வேண்டும். வாசலில் நின்று கொடுத்தால் அது அழைப்பாகாது, அவமானம்.

அப்பா சமாதானமாக ஒரு வழி சொன்னார். "ஒன் சித்தப்பா மகன் ஒருத்தன் பொன்னமராவதியில இருக்கான்ல? அவனும் அண்ணன் மொறைதான, அவன் கட்டட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் மாமா இருக்கையில எவனோ ஒருத்தன் என் நெத்தியில கை வைக்கிறதா? அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம். மாமா கட்டுனாத்தான் மணையில ஏறுவேன்" என்று கத்தினேன். நல்லவேளை, அதை எந்தக் கல்லின் மேலும் கை வைத்துச் சொல்லவில்லை.

 ஆத்தா தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள். மறுநாளும் துலக்கினாள். அது பளபளவென்று மாடத்தில் காத்திருந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஊருணியில் மாமா காளையிடம், "நம்ம பிள்ளைக்குக் கல்யாணமாம்டா" என்று சொல்லிவிட்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆத்தா என்னிடம் எதையும் சொல்லச் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய கல், பழைய பானை இதையெல்லாம் பார்த்து எழுதிக்கொள்வதுதான் அவருக்கு வேலையாம். இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று அப்பா ஆச்சரியப்பட்டார். சைக்கிளில், தலையில் தொப்பியோடு, பின்னால் சுத்தியல் தூக்கின சேவகனோடு வந்தவர், ஊருணிக்கரையில் சத்தியக்கல்லைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நான் அப்போது படித்துறையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.

சேவகன் சுத்தியலை எடுத்ததும், "ஏய், ஏய், அது சத்தியக்கல்லு!" என்று நாலா பக்கமும் சத்தம். ஊரே கூடிவிட்டது. மாமாவும் காளைகளை விட்டுவிட்டு வந்து நின்றார். உத்தியோகஸ்தர் சுத்தியல் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது கல்லு இல்லீங்க, மரம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். யாரோ, "வெயில்ல சைக்கிள்ல வந்தாரு பாரு, பாவம்" என்றார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நனைந்த முனையைக் காட்டினார். அறுத்த மரத்தில் இருக்குமே, அந்த வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. பட்டை வெடித்த கோடுகள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற கல்தான், ஆனால் சத்தியத்துக்கு என்று ஒதுக்கி வைத்ததை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? "ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, மனுசனே இல்லாத காலத்துல, இது விழுந்து மண்ணுக்குள்ள போயிருச்சு. தண்ணியில கரைஞ்ச கல்லுச் சத்து கொஞ்சங் கொஞ்சமா உள்ள எறங்கி, மரம் இருந்த எடத்தையெல்லாம் பிடிச்சுக்கிச்சு. இப்ப இதுல மரம்னு ஒரு பொட்டுகூட இல்ல. எல்லாம் கல்லுதான். வடிவம் மட்டும் அப்படியே இருக்கு" என்றார். பிறகு அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு புடைப்பைத் தொட்டார். "இங்க ஒரு கிளை இருந்துருக்கு. இதுலதான் துளிர் விட்டிருக்கும்."

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன். கல்யாணம் நிச்சயமான பெண் தெருவில் ஓடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும் என்று ஓடினேன்.

ஆத்தா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். "கல்லு துளிர்த்துருச்சு ஆத்தா. எப்பவோ துளிர்த்துருச்சு. நீ போகலாம்."

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "மரமா இருந்தப்பத் துளிர்த்துச்சு. நான் கல்லுன்னுதான சொன்னேன்? கல்லு துளிர்க்கலையே."

"ஒனக்கு இன்னும் மாமா மேல கோவமா?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

ஆத்தா துடுப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கோவம் எப்பவோ போச்சுடி. சொன்ன சொல்லு இருக்குல்ல? கல்யாணம் கூடிவர்ற நேரத்துல அதை மீறி, ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

எனக்குச் சுரீரென்றது. அந்த உத்தியோகஸ்தர் சொன்னது கல்லைப் பற்றி மட்டும் இல்லை என்று பட்டது. கோபம் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது. அது இருந்த இடத்தையெல்லாம் பயம் வந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதே சண்டை, அதே வளையம், அதே கோடு. உள்ளே கோபமென்று ஒரு பொட்டு இல்லை. அந்தப் பயமும் எனக்காக என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. நெல் ஆவியில் நின்றுகொண்டு அழுதேன். ஆத்தா அடுப்பில் எரிகிற விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மாமாதான் பட்டம் கட்டினார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். கட்டும்போது ஜரிகை புருவத்துக்கு இறங்கிவிட்டது. கல்யாணத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. எனக்குள் நிற்பது அதற்கு முன்னால், அந்த உத்தியோகஸ்தர் வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததுதான்.

பொழுது சாய்கிற நேரம். மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காளைகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஆத்தாவைப் பார்த்து நேராகப் பேசினார்.

"கல்லு துளிர்த்த அன்னிக்கு நானே வந்து கூப்பிடுறேன்னு சொன்னேன். அது துளிர்த்து எம்புட்டோ காலமாச்சாம் தாயி. நான்தான் வரத் தாமசம் பண்ணிட்டேன்."

ஆத்தா தூணைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அது செல்லுமா? பிள்ளைக்கு..."

"செல்லலேன்னா, சத்தியம் தப்புனவன் நான்தான். மொதல்ல வாசல மிதிச்சவன் நான், வந்து கூப்பிட்டவன் நான். எனக்குப் பிள்ளையா குட்டியா? அந்தப் பாவம் யாரத் தேடிப் போகும்? வா தாயி."

ஆத்தா மாடத்திலிருந்து தாம்பாளத்தை எடுத்தாள். நான் வெற்றிலை பாக்கு வைத்தேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். கீழத்தெருவிலிருந்து மேலத்தெரு வரைக்கும் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாமா முன்னால் நடந்தார்.

அவர் வீட்டுப் படிக்கு முன்னால் ஆத்தா நின்றாள். அன்றைக்கு மழையில் நின்ற அதே இடம். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

வைத்தவள், அண்ணன் வீட்டுக்கு வருகிற எந்தப் பெண்ணும் செய்கிற மாதிரி, நடையிலிருந்தபடியே அடுப்படிப் பக்கம் பார்த்து, "மதினி, நான்தான் வந்துருக்கேன்" என்று குரல் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். ஆத்தா அடுப்படிக்குள் போனாள். அங்கே ஒற்றை ஆளுக்குப் பொங்குகிற சின்னப் பானை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "கோவம் எப்பவோ போச்சு மதினி, எப்பவோ போச்சு" என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா நடையைத் தாண்டி உள்ளே வராமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.